பின் சீட்டுக்கு அடியில்

பழைய காரைத் துடைத்து விலைக்கு நிறுத்தும் தொழிலில் எல்லா ஷெட்டிலும் ஒரே வழக்கம்தான்: வாங்க வருகிறவர் கண் போகிற இடத்தை மட்டும் துடைப்பது. கண் போகாத இடத்துக்குத் துணியைக் கொண்டுபோனால் முதலாளி திட்டுவார். மண்ணெண்ணெய் வீணாகிறதாம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஓசூரில் நாயுடுவின் ஷெட்டில் சேர்ந்தவன். இதே தொழிலில் மண்ணெண்ணெய் நாறும் கையோடு சோறு தின்கிற உங்களுக்கு எலிப் புழுக்கை, கரையான் மண், நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எல்லாம் புதிதல்ல. அதனால் அவற்றை விட்டுவிட்டு ஒரே ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். அதைத் துடைத்து முடிப்பதற்குள் ஜெயிலுக்குப் போய்விடுவேன் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

கோழிக் கூண்டு

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் தாண்டி ஒரு தோட்டத்தில், கேட்பாரில்லாமல் கிடந்த கறுப்புப் பிளசர் காரை நாயுடு மலிவாகப் பேசி முடித்தார். தோட்டக்காரர் செத்துப்போனபின் யார் யாரோ எடுத்து ஓட்டினார்களாம். பிறகு அவர்களும் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்களாம். நாங்கள் போனபோது முன் சீட்டில் கோழிகள் அடை காத்துக்கொண்டிருந்தன. கூரைத் துணி கிழிந்து ஒட்டடையோடு தொங்கியது. புது பேட்டரி மாட்டி, கைப்பிடி போட்டுச் சுற்றி, நாயுடு ஒருவழியாக உயிர் கொடுத்தார். பின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் நான் பின் சீட்டில் உட்கார்ந்து கதவைக் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மைசூர்ப் பக்கம் சாராயக் கடை திறந்திருக்கும், நம் பக்கம் மதுவிலக்கு. ஆகவே எல்லைச் சாவடியில் போலீஸ்காரர்கள் மாட்டுவண்டியின் வைக்கோலைக்கூடக் குத்திப் பார்த்துத்தான் விடுவார்கள். அன்றைக்கு ஏட்டய்யா நின்றிருந்தார். சலவைக் காக்கி, வாயில் கிராம்பு, யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர். அவர் முன் கதவைத் திறந்ததும், இறங்க மறுத்து உள்ளேயே இருந்துவிட்ட ஒரு கோழி அவர் முகத்தை நோக்கிப் பறந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஒருமுறை பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதுல ஏறி வர்றதுக்கு நீ நடந்தே வந்திருக்கலாமே, தம்பி."

மரத்தூள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கேட்டால் சொல்லிவிடுவேன். கியர் பெட்டி இரைச்சல் போட்டால், கிரீஸில் மரத்தூளைக் குழைத்து உள்ளே தள்ளிவிடுவார் நாயுடு. ஒரு மாதத்துக்கு வண்டி பூனை மாதிரி போகும். அப்புறம் வாங்கினவர் பாடு. அந்த வாரம் வேறொரு வண்டியை ஓட்டிப் பார்க்கத் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் வந்தார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, "பழைய வண்டிங்கறீங்க, சத்தமே இல்லையே?" என்று பொதுவாகக் கேட்டார். பக்கத்தில் நான்தான் நின்றேன். சொல்லிவிட்டேன்.

நாயுடு என் பிடரியில் வைத்த அடி அவர் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "ஏமிரா, உன்னை எவன்டா கேட்டான்? இனிமே வாங்க வர்றவங்க முன்னால வாயைத் திறந்தே, அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவேன்" என்றார். மரக்கடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோபமே இல்லை. வாசலில் திரும்பி நின்று என்னிடம் சொன்னார்: "மரத்தூள் என் கடையிலயே கெடக்குது, தம்பி. ஒரு கைப்பிடி அனுப்பறேன், உன் வாயில போட்டுக்க."

எலிக்கூடு எடுக்கப் போய்

கறுப்பு வண்டியில் என்ன செய்தாலும் ஒரு நாற்றம் போகவில்லை. எலி செத்துக் கிடக்கும் என்று பின் சீட்டைத் தூக்கினேன். சீட்டுத் தைக்கிற அமீது அண்ணன் மறுபக்கம் பிடித்தார். எலி இல்லை. சீட்டின் அகலத்துக்கு, தகரத்தில் செய்த ஒரு தொட்டி இருந்தது. ஓரமெல்லாம் ஈயத்தால் சுத்தமாகப் பற்றவைத்திருந்தார்கள். சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. ஒரு மூலையில் சின்னப் பித்தளைக் குழாய். அமீது அண்ணன் குழாயைத் திருகினார். ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தையும் உடனே தண்ணீர் விட்டுக் கசக்கினார்.

எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது: சாராயம் கடத்துகிற தொட்டி. ஏட்டய்யா முன் கதவோடு நின்றுவிட்டார். பின்னால் இந்தத் தொட்டியின்மேல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லை தாண்டி வந்தவன் நான். அமீது அண்ணனின் மச்சான் வண்டியில் எவனோ இரண்டு புட்டியை ஒளித்து வைத்ததற்கு, வண்டியையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு, மச்சானையும் உள்ளே வைத்த கதை ஊருக்கே தெரியும். உட்காரலாம் என்றால் பக்கத்தில் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். அதில் உட்கார மனம் வரவில்லை. "நாமளே போய்ச் சொல்லிடலாம், அண்ணே" என்றேன். அவர் ஷெட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "சொல்லு. எதுமேல உக்காந்து வந்தேன்னு கேப்பாங்க, அதையும் சேத்துச் சொல்லு."

கோயில் வாசனை

நாயுடு தொட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தூரிலிருந்து ஒரு கவுண்டர், தன் மகள் கல்யாணத்துக்கென்று இந்த வண்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இருந்ததையெல்லாம் வண்டியில் போட்டிருந்தார் நாயுடு. போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். "அறுத்து எடுங்கடா. இப்படி ஒண்ணு இருக்கவே இல்ல" என்றார். நட்டு துருப்பிடித்துத் திரும்பவில்லை. தீ ஊதிச் சூடாக்கலாம் என்றார் அமீது அண்ணன். உள்ளே என்ன ஆவி நிற்கிறதோ, ஷெட்டோடு போய்விடுவோம் என்றேன் நான். கடைசியில் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, ரம்பத்தால் ஒவ்வொரு போல்ட்டாக அறுத்தோம். உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு. ரம்பம் கிறீச்சிடும்போதெல்லாம் ரோட்டில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். நிறுத்துவோம். மறுபடி அறுப்போம். தொட்டியை ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் தள்ளினோம்.

தொட்டி போயிற்று, வாசனை போகவில்லை. அடிப்பலகை குடித்துவிட்டிருந்தது. சாம்பல் தேய்த்தேன், புளி தேய்த்தேன், அடுப்புக்கரி கொட்டி வைத்தேன். பயம் வந்தால் எனக்குக் கை நிற்காது. மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டை எடுத்துச் சீட்டுக்கு அடியில் பலகை, சட்டம், அறுத்த போல்ட்டின் தழும்பு எல்லாவற்றின்மேலும் பூசினேன். காய்ந்ததும் இன்னொரு கை பூசினேன். அப்புறம் காலையும் மாலையும் வண்டிக்குள் சாம்பிராணி போட்டோம்.

சைக்கிள் சங்கிலிக்கு ஓசியில் எண்ணெய் விட ஏட்டய்யா எங்கள் ஷெட்டுக்கு வருவது வழக்கம்தான். அந்த வாரமும் வந்தார். கறுப்பு வண்டியின்மேல் சாய்ந்து நின்றார். நான் எண்ணெயைச் சங்கிலியில் விடாமல் என் காலில் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூக்கை உயர்த்தி ஒரு மூச்சு இழுத்தார். "என்ன நாயுடு, வெள்ளிக்கிழமைகூட இல்ல. வண்டிக்குள்ள எந்தச் சாமிய வெச்சிருக்கே?"

கவுண்டர் குடும்பம்

கவுண்டரும் அவர் சம்சாரமும் நல்ல நாள் பார்த்து வந்தார்கள். வெளியே வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். டயருக்குக் கறுப்புப் பூசி, பம்பரைச் சாம்பலால் தேய்த்து, கூரைக்கு அமீது அண்ணன் புதுத் துணி தைத்திருந்தார். அந்த அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "சாம்பிராணி மணக்குதுங்க, பொண்ணு ஏறிப்போக நல்ல வண்டி" என்றார்கள். கிருஷ்ணகிரி ரோட்டில் சூளகிரிவரை ஓட்டிப் பார்ப்பதென்று முடிவு. நாயுடு ஓட்டினார். வண்டி நின்றால் தள்ளுவதற்காக நான் படிக்கட்டுப் பலகையில் தொற்றிக்கொண்டேன்.

ஊர் எல்லை தாண்டியதும் புளியமரத்தடியில் கை நீண்டது. ஏட்டய்யா. அன்றைக்கு அந்த ரோட்டில் சோதனையாம். அம்மாவைக் கும்பிட்டு இறங்கச் சொல்லிவிட்டு, பின் சீட்டைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். அடிப்பலகையில் அவர் முகம் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. "நாயுடு, உன் ஷெட்டுல வெளியில பூசவே பெயிண்ட் பத்தாது. சீட்டுக்கு அடியில எவன்டா ரெண்டு கை பூசுவான்?" என்றார், குரலை உயர்த்தாமலே. நாயுடு, "சுத்தமா இருக்கட்டும்னுங்க" என்று ஆரம்பித்தார். அவர் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏட்டய்யா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

சொன்னேன். தொட்டி, குழாய், ரம்பம், கிணறு, நான் அதன்மேல் உட்கார்ந்து வந்தது, எல்லாவற்றையும். நிறுத்த முடியவில்லை. கவுண்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் சம்சாரம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். நடந்துகொண்டே சொன்னார்கள்: "இதுல பொண்ணை அனுப்பினா, சம்பந்தி வீட்டுல முதல்ல சீட்டைத்தான் தூக்கிப் பாப்பாங்க. வாங்க, பஸ்ஸு வருது."

கிணற்றுக்குள்

ஏட்டய்யா எங்களைத் திருப்பி ஷெட்டுக்கே ஓட்டச் சொன்னார். தொட்டியை வெளியே எடுக்க வேண்டும். யார் இறங்குவது என்ற கேள்வியே எழவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நான்தான் இறங்கினேன். சுவரில் பதிந்திருந்த கல்லெல்லாம் பாசி. ஒரு பொந்தில் பாம்புச் சட்டை தொங்கியது, சட்டைக்காரர் எங்கே என்று தெரியவில்லை. நெஞ்சளவு தண்ணீர். காலால் துழாவித் தொட்டியைத் தேடும்போது, இது கிடைக்காமல் போனால் பொய் சொன்னேன் என்பார்கள், கிடைத்தால் சாட்சி ஆகிவிடும், இரண்டில் எதற்குப் பயப்படுவது என்றே புரியவில்லை. கிடைத்தது.

மேலே வந்து ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். ஏட்டய்யா தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈயம் பற்றவைத்த ஓரத்தை விரலால் தடவினார். நாயுடு அவர் காலில் விழாத குறை. "சரக்கு இல்லாம வெறும் தகரத்தைத் தூக்கிட்டுப் போய் கோர்ட்டுல நின்னா, என்னைத்தான் சிரிப்பாங்க" என்றார் ஏட்டய்யா. ஒரு மாட்டுவண்டியை நிறுத்தித் தொட்டியை ஏற்றினார். அமீது அண்ணன் வாய்க்குள் என்னவோ ஓதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. ஏட்டய்யா என் ஈரத் தோளில் தட்டினார். "உண்மை சொன்னவனுக்கு ஒண்ணும் ஆகாதுடா. ஆனா இந்த வண்டிய எவனாவது தேடி வந்தான்னா, எனக்கு வந்து சொல்லணும், ஆமா."

அளவு எடுக்க வந்தவர்

அதற்குப் பிறகு எந்த சைக்கிள் மணி கேட்டாலும் நான் கறுப்பு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். விஷயம் சந்தைவரை போய்விட்டது. பேரிகையிலிருந்து ஒருவர் வந்தார், கதையைக் கேட்டார், டீ குடித்துவிட்டுப் போனார். வாங்குகிறவர் இல்லை. நாயுடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். கணக்கை முடித்து அனுப்பவும் இல்லை, ஏனென்றால் முடிக்க அவர் கையில் ஒன்றுமில்லை. வண்டி விற்றால்தான் ஷெட்டு. இல்லையென்றால் அமீது அண்ணனும் நானும் வேறு வாசல் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு காலையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். கன்னடம் கலந்த தமிழ். எஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை, டயரை உதைக்கவில்லை, ஓட்டிப் பார்க்கவும் கேட்கவில்லை. நேரே பின் கதவைத் திறந்து சீட்டைத் தூக்கினார். மடியிலிருந்து ஒரு நூலை எடுத்து, நீளத்துக்குப் பிடித்து ஒரு முடிச்சு, அகலத்துக்குப் பிடித்து ஒரு முடிச்சு போட்டார். தொட்டி இருந்த இடத்தின் அளவு. நாயுடு அவர் முடிச்சைப் பார்க்கவே இல்லை, வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமீது அண்ணன் ஊசியில் நூல் கோக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வந்தவர் பலகையை விரலால் தடவி, "பெயிண்ட் யாரு போட்டது?" என்றார்.

"நான்தாங்க."

"ஹௌதா, அப்படியா? நல்ல கை. நம்மகிட்ட இன்னும் ரெண்டு வண்டி இருக்கு. வர்றியா?"

நாயுடு கேட்ட விலைக்கு அவர் பேரமே பேசவில்லை. ரூபாயை எடுத்து வைத்தார். நாயுடு சாவியை நீட்டினார். பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் இருப்பேனா? சொல்லிவிட்டேன்: "இந்த வண்டிய யாராவது தேடி வந்தா வந்து சொல்லணும்னு ஏட்டய்யா சொல்லியிருக்காருங்க. நான் போய்ச் சொல்லிடுவேன்." நாயுடு கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனுஷர் என்னை அடிக்கவில்லை, முறைக்கக்கூட இல்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "தாராளமா சொல்லு, மகனே. இங்க வண்டி நிக்குதுன்னு எனக்குச் சொன்னதே அவருதானே?"

இப்போது நான் கிருஷ்ணகிரியில் லாரி மட்டும்தான் கழுவுகிறேன், லாரிக்குப் பின் சீட்டு கிடையாது.